இடைவார் அணியாமல் வந்தவர்

பணியாளர் தேர்வுப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கும் உங்களுள் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். நேர்காணலுக்கு வருபவர் நாம் குறித்த ஆடையில் வராவிட்டால் அவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பலாமா என்பது அவர் வினா. தொலைபேசியிலேயே ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். என்னால் இயலவில்லை. அவ்வாறு ஒருவரைத் திருப்பி அனுப்ப வாய் திறந்து, சொல் முழுதும் வெளிவருமுன் நான் நின்றுபோன ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் சில கடந்தும், அதை எண்ணும்போதெல்லாம் என் குரல் தானே தாழ்ந்துவிடுகிறது. ஆதலால் எழுத்தில் தருகிறேன்.

நம் மாவட்டத்தைப் பெரும்புயல் புரட்டிப்போட்டிருந்த காலம். தென்னையும் பலாவும் வேரோடு கிடந்த தோப்புகளின் நடுவே மின்கம்பங்களும் முறிந்து கிடந்தன. நான் அப்போது மின்பாதை அமைக்கும் தனியார் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் பணியாளர் அலுவலராக இருந்தேன். கம்பம் ஏறிப் பணியாற்ற நாற்பது பேரை விரைந்து தெரிவுசெய்யுமாறு தலைமை அலுவலகம் ஆணையிட்டது. திருவரங்குளம் சாலையோரம் எங்கள் பண்டகசாலைக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. அங்கே இரண்டு பயிற்சிக் கம்பங்களை நட்டு, அவற்றுக்கிடையே கம்பி இழுத்துவைத்தோம். வருபவர் முதலில் கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். பின்னர் எங்கள்முன் அமர்ந்து வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும்.

அழைப்புக் கடிதத்தை நானே எழுதினேன். தமிழ் படித்தவன் என்பதால் அப்பணியைப் பிறரிடம் விட மனம் ஒப்புவதில்லை. "வெண்ணிற மேற்சட்டை, கருநிற முழுக்காற்சட்டை, தோல் இடைவார், தோல் காலணி ஆகியன அணிந்து, ஏற்கவிருக்கும் பணியின் மாண்புக்கு ஒப்ப வருக" என்று அதில் ஒரு தொடர். எழுதி முடித்தபின் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலிலும் 'தோற்றம்' என ஒரு கட்டம் வரைந்து பத்து மதிப்பெண் ஒதுக்கினேன். இதை நீங்கள் என் செருக்கென்று கருதினால் மறுக்க மாட்டேன். ஆயினும் அதனுள் வேறொன்றும் இருந்தது. கம்பம் ஏறுபவர்களை அலுவலகங்களில் எவரும் நாற்காலியில் அமரச் சொல்வதில்லை. அந்த ஒரு நாளேனும் அவர்கள் அலுவலர்களைப் போல் உடுத்தி, அலுவலர்களுக்கு எதிரே அமர வேண்டும் என்று விரும்பினேன்.

நேர்காணல் நாளன்று திடலைப் பார்த்தபோது என் விருப்பம் நிறைவேறியதாகவே தோன்றியது. நூற்றுக்கு மேற்பட்டோர் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றனர். பல சட்டைகளில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. இடைவார்களின் கொளுவிகள் காலை வெயிலில் பளிச்சிட்டன. கீழராச வீதிக் கடைகளில் முந்தின நாள் கறுப்பு இடைவாரே கிடைக்கவில்லை என்று யாரோ சொல்லிச் சிரித்தார். நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

அப்போதுதான் வாயிலில் பேச்சு உயர்ந்தது. எங்கள் மேற்பார்வையாளர் இபுராகிம் அங்கே நின்றார். கோட்டைப்பட்டினத்துக்காரர், பாலைவன நாடுகளில் மின்பணி பார்த்துத் திரும்பியவர். நாக்கு கூர்மை, மனம் மென்மை. அவர்முன் முப்பதை நெருங்கிய ஒருவர் நின்றிருந்தார். நிறம் வெளிறிய காக்கிச் சட்டை. வெயில் ஏறியும் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் இட்டிருந்தார். காலில் துணிக்காலணி. இடுப்பில் சாம்பல் நிறக் காற்சட்டையை இறுக்கி ஒரு பருத்திக் கயிறு.

"ஏம்ப்பா, இன்டர்வியூக்கு வந்தியா, வைக்கோல் கட்ட வந்தியா? கன்னுக்குட்டிக்குக் கட்டுறதக் கொண்டாந்து இடுப்புல கட்டியிருக்கே!"

"கன்னுக்குட்டிக் கயிறு அந்துபோகும் பாய். இது அறாது."

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. பெல்ட்டு எங்க? லெட்டர்ல போட்டிருக்குல்ல, படிக்கலையா?"

"படிச்சேன் பாய். படிச்சுட்டுத்தான் போடாம வந்தேன்."

இபுராகிம் என்னைப் பார்த்தார். குறித்த ஆடையில் வராதவரை உள்ளே விட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்தவன் நானே. அருகில் சென்றேன். அவர் பெயர் அடைக்கலம், அன்னவாசலுக்கு அப்பால் ஒரு சிற்றூர் என்று கடிதத்தில் கண்டேன். நான்கு விதிகளில் நான்கையும் மீறியிருந்தார்.

"தம்பி, சொன்னதுல ஒண்ணுகூட நீங்க செய்யல. நான் எப்படி உங்கள உள்ள..." என்று தொடங்கினேன்.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. இந்த லெட்டர எழுதுனவுக யாருங்க?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்கய்யா. எங்காத்தா ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. ஆனா எழுதுனவுக கம்பத்துல ஏறுனவுக இல்லைன்னு படிக்கிறப்பவே தெரிஞ்சுருச்சு."

"அய்யாகிட்ட என்னப்பா பேச்சு இது?" என்று இபுராகிம் இரைந்தார். நான் கையமர்த்தினேன். அந்த மனிதரின் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. வழி தவறிப் போகிறவனைக் கண்டு, அந்தப் பக்கம் பாலம் உடைந்திருக்கிறது என்று சொல்பவரின் குரல் அது. ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் தந்தையும் ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் ஏறியவர். குடுமியான்மலையில் உறவினர் திருமணத்துக்குப் போயிருந்த அன்று அவரைத் தேடி ஆள் வந்திருக்கிறது.

"பந்தியில இருந்தவர எழுப்பிக் கூட்டிட்டுப் போனாகய்யா. புதுச் சட்டை. பளபளன்னு, எத்தன தடவ தொவைச்சாலும் மடிப்புக் கலையாதே, அந்தத் துணி. இடுப்புல பெல்ட்டு. கழுத்துல சங்கிலி. லைன்ல சப்ளை இல்லைன்னு சொன்னாக. ஏறிட்டாரு." சற்று நிறுத்தினார். "கரண்டு அந்த நிமிசமே விட்டுருச்சுங்கய்யா. சட்டைதான் விடல. ஆஸ்பத்திரியில உரிக்க உரிக்கத் தோலோட வந்துச்சு. நாலாம் நாளு போயிட்டாரு."

 செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும், பருத்தியோ கருகி உதிர்ந்துவிடும் என்பதை நான் அன்றுவரை அறியேன். எத்தனையோ நேர்காணல்களில் அமர்ந்தவன், ஆடையை ஒரு முறைகூட ஆடையாகப் பார்த்ததில்லை. அதன் நிறத்தையும் மடிப்பையும் பார்த்தேன். அது எதனால் நெய்யப்பட்டது என்று கேட்டதே இல்லை. எதிரே நின்றவரோ உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணி எண்ணி உடுத்தி வந்திருந்தார். கையை இறக்கி விட்டதற்கு ஒரு காரணம், துணிக்காலணியின் தடித்த ரப்பர் அடிக்கு ஒரு காரணம், உலோகக் கொளுவி இல்லாத அந்தக் கயிற்றுக்கு ஒரு காரணம். அத்திடலில் நேர்காணலுக்கென உண்மையாகவே ஆடை தேர்ந்து வந்தவர் அவர் ஒருவரே.

இதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் அங்கே வந்துவிட்டார். இளையவர், கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுபவர். செய்தியைக் கேட்டதும், "சார், இது ப்ராக்டிஸ் கம்பம். இதுல சப்ளையே கிடையாது. பெல்ட் போட்டா என்ன, போடாட்டா என்ன? லேட் ஆகுது" என்றார்.

"எங்கப்பாகிட்டயும் சப்ளை இல்லைன்னுதாங்க சொன்னாக" என்றார் அடைக்கலம்.

பொறியாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். இபுராகிம்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்: "அதெல்லாஞ் சரிப்பா. பெல்ட்ட விட்டே, மோதிரத்த விட்டே. அரணாக்கொடி? வெள்ளியில போட்டிருப்பியே?"

அடைக்கலம் சட்டையைச் சற்றே உயர்த்தினார். இடுப்பைச் சுற்றி வெளிறிய ஒரு கோடு மட்டும் இருந்தது. குழந்தைப் பருவம் முதல் வெயில் படாத தோலின் கோடு. கொடி இல்லை.

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நகரங்களில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண் குழந்தைக்குக் கட்டிய அரைஞாண் வாழ்நாளில் ஒரு நொடியும் இடுப்பை விட்டு நீங்கலாகாது என்பர். பழையது தேய்ந்துவிட்டால் புதியதைக் கட்டிய பின்னரே பழையதை அறுப்பர். வெறும் இடுப்பு என்பது பாடையில் கிடத்தியவருக்கே உரியது. கோயிலுக்குப் போகாதவரும் இதை மீறத் துணியார்.

"யாரக் கேட்டு அவுத்தே?" என்றார் இபுராகிம், உண்மையாகவே திடுக்கிட்டு.

"நான் அவுக்கல பாய். எங்காத்தாவே அவுத்துச்சு. அந்தா, மரத்தடியில நிக்கிது."

சாலையோரப் புங்கமரத்தின் கீழ் ஓர் அம்மையார் நின்றிருந்தார். வெள்ளைப் புடவையின் முந்தானையை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தார். அதன் முனையில் ஏதோ முடிந்திருந்தது. நான் அவரிடம் நடந்து சென்றேன். அலுவலர் ஒருவர் தன்னை நோக்கி வருவதைக் கண்டு அவர் பதறினார்.

"அய்யா, எம்மவன் ஏதும் துடுக்காப் பேசிட்டானாங்க? அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையில சுத்தமா இருப்பான்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அரணாக்கொடிய நீங்களே அவுத்தீங்களாமே. உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "போட்டுக்கிட்டுப் போனவுக வரலையேங்கய்யா. அவுத்துட்டுப் போறவனாச்சும் வரட்டும்."

தமிழில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தோய்ந்தவன் நான். அவ்விரு தொடர்களுக்கு இணையானதை எந்த நூலிலும் படித்ததில்லை. தன் கையாலேயே மகனின் இடுப்பை வெறுமையாக்கி, அந்த அச்சத்தைத் தான் சுமந்துகொண்டு, அவனுக்குத் துணையாகப் பேருந்தேறி வந்து வெளியிலேயே நிற்கும் தாய். எழுத்தறியாதவர். என் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, அதில் இல்லாத ஒன்றைக் கண்டுகொண்டவர். நான் கை குவித்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் வழியில்தான் முடிவெடுக்க நேர்ந்தது. இளைஞர்களே, நெருக்கடியில் நமக்கு முதலில் தோன்றுவது ஒருவருக்கு மட்டும் விலக்களிக்கலாம் என்பதே. அடைக்கலத்தை உள்ளே விட்டுவிட்டு மற்றவற்றைத் திட்டப்படி நடத்தியிருந்தால் எவரும் என்னைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் அத்தனை பேரும் உலோகக் கொளுவியோடு கம்பத்தை நோக்கி நின்றது என் எழுத்தால். ஒலிபெருக்கியை வாங்கினேன். "அழைப்புக் கடிதத்தில் ஆடையைப் பற்றி நான் எழுதியது பிழை. அதற்கு முழுப்பொறுப்பும் நானே. இடைவார், மோதிரம், சங்கிலி, தாயத்து அனைத்தையும் கழற்றிவிட்டு வாருங்கள்" என்றேன். பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதன்பின் திடல் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். இடைவாரைக் கழற்றியவர்களின் காற்சட்டை நழுவியது. இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றனர். இபுராகிம் பண்டகசாலையிலிருந்து ஒரு பெரிய சணல் உருண்டையைக் கொண்டுவந்து, "வாங்க மாப்பிள்ளைகளா, எல்லாருக்கும் கன்னுக்குட்டிக் கயிறு இருக்கு. சண்ட போடாம வாங்க!" என்று துண்டு துண்டாக அறுத்துக் கொடுத்தார். அடைக்கலத்தைப் பார்த்து, "ஏப்பா, நீ பேசாம பெல்ட்டே போட்டு வந்திருக்கலாம். ஒன்னால நான் கயித்துக் கட வச்சிருக்கேன்" என்றார். சேமிப்பில் இருந்த பருத்தி அங்கிகள் நான்கையும் எடுத்தோம். ஏறுகிறவர்கள் அவற்றை மாற்றி மாற்றி அணிந்துகொண்டனர்.

அரைஞாணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று கருதினேன். ஆயினும் சிலர் பண்டகசாலைச் சுவருக்குப் பின்னால் தனித்தனியே போய்வந்ததைக் கண்டேன். போனவர் போகாதவரைப் பார்க்கவில்லை. போகாதவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடைக்கலத்தின் முறை வந்தது. ஊதல் ஒலித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். குறித்த நேரத்துள் ஏறி, மேலே பணியை முடித்து இறங்க வேண்டும். ஊதல் ஒலித்தது. அவர் கம்பத்தின் பக்கம் போகவே இல்லை. தலையை நிமிர்த்தி, கம்பி செல்லும் வழியே மெல்ல நடந்தார். அது மறுகம்பத்தில் சென்று முடியும் இடத்தை நின்று பார்த்தார். திரும்பி வந்து, "பாய், எர்த் ராடு இருக்கா?" என்று கேட்டார். கம்பியில் எஞ்சிய மின்சாரம் இருந்தால் நிலத்துக்கு இறக்கிவிடும் கோல் அது. பயிற்சித் திடலில் அதை யாரும் எடுத்துவைத்திருக்கவில்லை. இபுராகிம் வண்டிக்கு ஓடினார். பொறியாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அடைக்கலம் அசையவில்லை. கோல் வந்தது, கம்பியில் மாட்டினார், காத்திருந்தார், அதன்பின் ஏறினார்.

கம்பியில் மின்சாரம் இல்லை. பொறியாளர் சொன்னது முற்றிலும் சரி. இதை மறைத்து, அங்கே ஏதோ விபத்து தவிர்க்கப்பட்டது என்று கதை புனைய நான் விரும்பவில்லை. ஒன்றுமே இல்லாத கம்பி அது. அதன்முன்னும் அம்மனிதர் தம் பிழைப்பையே பணயம் வைத்து நின்றார் என்பதே என்னைச் சிலிர்க்கவைத்தது. ஏறியபின் அவர் ஏறியதாகவே தோன்றவில்லை. கம்பம் அவரைத் தானே மேலே எடுத்துச் சென்றது போல் இருந்தது. பணியைக் குறையின்றி முடித்து இறங்கினார். நேரம் கடந்துவிட்டிருந்தது.

பிற்பகலில் நாங்கள் மதிப்பெண்களைக் கூட்டினோம். காலம் தாழ்ந்ததற்காக அடைக்கலத்துக்குக் கழிக்க வேண்டியதைக் கழித்தார்கள். வினாக்களில் அவரே முதல்வர். தோற்றத்துக்கான கட்டத்தில், காலையில் வாயிலில் உடுத்தியிருந்ததை வைத்து, விதிப்படி, சுழி. நாற்பதாம் இடத்துக்குச் சில மதிப்பெண்கள் கீழே நின்றார்.

"ரூல் ரூல்தான் சார். இல்லேன்னா நாளைக்கு ஹெட் ஆபீசுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் பொறியாளர். கடுமையாகச் சொல்லவில்லை, அவருக்கும் காலை முதல் நெஞ்சில் ஏதோ தைத்திருந்தது.

"நான் சொல்றேன்" என்று சொல்லி, தோற்றம் என்ற கட்டத்தை மேலிருந்து கீழ்வரை, எல்லாருக்குமாக, ஒரே கோட்டில் அடித்தேன். ஓரத்தில் காரணம் எழுதிக் கையொப்பமிட்டேன். ஒருவருக்காக மதிப்பெண் கூட்டவில்லை. பிழையாக வரையப்பட்ட கட்டத்தை நீக்கினேன். கூட்டல் மாறியது. அடைக்கலம் முப்பத்தெட்டாம் இடத்துக்கு வந்தார்.

யாரோ ஒருவர் கீழே இறங்கியாக வேண்டும் அல்லவா? இறங்கினார். மிக நேர்த்தியாக உடுத்தி வந்திருந்த ஓர் இளைஞர். மாலையில் பட்டியலைப் படித்த பின் அவர் என்னிடம் வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "நீங்க எழுதுனபடிதானேய்யா நான் வந்தேன்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த தேர்வுக்கு முதல் கடிதத்தை அவருக்கே அனுப்பினேன். அவர் வரவில்லை. நீங்கள் ஒரு விதியை எழுதும்போது அதை நம்பி நடப்பவரும் இருக்கிறார் என்பதை மறவாதீர்கள். 

தெரிவான நாற்பது பேரும் திடலில் கூடினர். பணியில் சேரும் நாள், இடம் ஆகியவற்றை அறிவித்தேன். யாரோ பின்னாலிருந்து, "அய்யா, வேலைக்கு வர்றப்ப என்ன போட்டுக்கிட்டு வரணுங்க?" என்று கேட்டார்.

காலையில் என்றால் என்னிடம் ஓர் அழகிய தொடர் இருந்திருக்கும். நான் அடைக்கலத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் கூச்சத்தோடு முன்னே வந்தார். நான் தாளை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அந்தத் தாளே அந்நிறுவனத்தின் பணி விதியாயிற்று. பிறர் எழுத்தில் ஒற்று விடுபட்ட இடத்தைக்கூட விடாமல் திருத்தும் நான், அதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. அப்படியே இங்கே தருகிறேன். இதைப் படித்தபின் உங்கள் நண்பரின் வினாவுக்கு நீங்களே விடை காணலாம்.

"பருத்திச் சட்டை போடுங்க. கைய எறக்கிப் பட்டன் போடுங்க. இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம் எதுவும் ஒடம்புல இருக்கக் கூடாது. ரப்பர் அடி தேஞ்சிருந்தா அன்னைக்கு ஏறாதீங்க. யாரு சொன்னாலும் நம்பாதீங்க, நீங்களே பாத்துட்டு ஏறுங்க. ஏறுறதுக்கு முந்தி, கீழ நிக்கிறவன் மொகத்த ஒரு தடவ பாத்துக்கங்க. மேல போனப்பறம் ஒங்க உசுரு அவன்கிட்டதான் இருக்கு."